எந்தத் தொட்டி?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நல்ல வார்த்தையா, என்னிடமா? என்னோடு வேலை பார்த்த யாரையும் விசாரிக்காமல் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பரவாயில்லை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இருந்த ஒரே பொறுப்பு காலையில் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவது. அதையும் கைபேசிச் செயலி ஒன்று பிடுங்கிக்கொண்டுவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் என்ன வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மாதம் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, ஒரு பூதக்கண்ணாடி, ஏழெட்டுக் குறிப்பு அட்டைகள். அடையாறில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே பிள்ளை ஆப்பிரிக்கக் காட்டைக் கடக்க வேண்டும். சமையலறையில் பாலைவனம். குளியலறையில் பசிபிக் மகாசமுத்திரம். ஒரு குறிப்பைக் கண்டுபிடித்தால் அது அடுத்த குறிப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும். கடைசியில் புதையல். புதையல் என்றால் ஒரு தாள் ஸ்டிக்கர். இந்த அமர்க்களத்துக்கு நடுவில் பிள்ளைக்குத் தெரியாமல் கொஞ்சம் கணக்கையும் கொஞ்சம் அறிவியலையும் அதன் தலையில் ஏற்றிவிட வேண்டும். இதற்குப் பெயர் வீட்டுவழிச் சாகசக் கல்வி. சிரிக்காதீர்கள், உங்கள் அடையாள அட்டையிலும் அதுதான் போட்டிருக்கும்.

குறிப்பு அட்டைகளை முதல்நாளே அங்கங்கே ஒளித்து வைக்க வேண்டியது பெற்றோர். எங்கே எதை ஒளிப்பது என்று 'பெற்றோருக்கான தாள்' ஒன்று பெட்டியில் இருக்கும். அதை நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதுவேன். பெற்றோர் அதை நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுப்பார்கள். அது என் எழுத்துக்குக் கிடைத்த மிக உறுதியான பயன்பாடு.

பெட்டியின் மூடி மேல் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: 'சாகசக்காரர் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார். செய்து பார்ப்பார்!' அடியேன் எழுதியது. விற்பனைப் பிரிவு கை தட்டியது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

அப்போது எங்கள் அலுவலகம் கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது. பெட்டியைத் தயாரிப்பது மூன்றே பேர். ஆசிரியர் நான். புரூஃப் பார்ப்பவர் ஒரு மேடம். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேரோடு என்னைத் திட்டும் உரிமை அவருக்கு இருந்தும் ஒரு நாளும் திட்டாதவர். மூன்றாவது ஆள், பக்கங்களை வடிவமைக்கும் ஷபானா. ராயப்பேட்டைப் பெண், வீட்டில் உருது, பள்ளியில் தமிழ். சொன்னதைச் சொன்னபடி செய்வாள்.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்ததில்லை. "சார், வெளியில மழையா?" என்று கேட்டால், "இல்லம்மா, மேகத்துக்கு வேர்க்குது" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். மேலதிகாரி ஜோக்கடித்தால் சிரிக்கத்தான் செய்வார்கள் என்பது சம்பளம் வாங்கும் எவருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியவில்லை.

அலுவலகத்தில் இரண்டு நிறம் உண்டு. மேடம் நீலப் பென்சிலில் சந்தேகம் கேட்பார். நான் சிவப்பு மையில் தீர்ப்பு எழுதுவேன். ஒரு தடவை ஷபானா என் சிவப்புத் திருத்தம் ஒன்றைக் காட்டி, "சார், இது சரியா வருமா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

"சிவப்புல இருந்தா யோசிக்காதம்மா. அப்படியே போடு. யோசிக்கறதுக்குத்தான் என்னை வச்சிருக்காங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து யோசிக்கவில்லை.

தீபாவளி விடுமுறைக்காக ஒரு பெட்டி செய்தோம், 'மழைக்காட்டின் மர்மம்'. அதன் நான்காவது அட்டையில் முதலில் நான் எழுதியது இது: 'வாசலருகே இருக்கும் பூந்தொட்டியை நகர்த்திப் பார். அதன் அடியில் இருக்கிறது அடுத்த ரகசியம்.' பூந்தொட்டி என்றால் பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள், மர்மம் போய்விடும் என்று பூவைப் பறித்துவிட்டேன். வெறும் தொட்டி ஆயிற்று.

மேடம் ஓரத்தில் நீலப் பென்சிலால் கேட்டார்: 'எந்தத் தொட்டி?'

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு எழுதுகிற என்னிடம் எந்தத் தொட்டி என்று ஒரு கேள்வியா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். பக்கத்திலேயே எழுதினேன்: 'தண்ணித் தொட்டி! வேற எந்தத் தொட்டி?' எழுதிவிட்டு நானே கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். மேடம் அதைப் படித்தார். அப்படியே ஷபானாவின் மேஜைக்கு அனுப்பிவிட்டார்.

கிண்டலுக்கு மையில் தனி நிறம் கிடையாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஷபானா பார்த்தது சிவப்பு எழுத்து. சிவப்பென்றால் அப்படியே போட வேண்டும். போட்டாள். அட்டையில் கொச்சை வரக் கூடாது என்று நான் கற்றுக்கொடுத்திருந்ததால் 'தண்ணி'யை மட்டும் 'தண்ணீர்' ஆக்கினாள்.

கடைசிப் புரூஃப் என்னிடம் மட்டும்தான் வரும். அதுவும் நான் போட்ட சட்டம்தான். நான்காவது அட்டையைப் பார்த்தேன். 'வாசலருகே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நகர்த்திப் பார்.' என் கண் எங்கே போயிற்று தெரியுமா? தண்ணீருக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்ற அந்த 'த்' மேல். ஒரு வருஷமாக அந்தப் பெண்ணுக்கு ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இதோ, கச்சிதமாக மிகுந்திருக்கிறது! பக்கத்தில் 'சபாஷ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒற்றைப் பார்த்தவன் சொல்லைப் பார்க்கவில்லை. இந்தத் தப்பைச் செய்ய இலக்கணம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண ஆளால் முடியாது.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையில் வாசலருகே இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்றால் சம்ப். கேட்டைத் திறந்ததும் காலடியில் ஓர் இரும்பு மூடி இருக்கும். அதற்குக் கீழே ஒரு பெரிய ஆளே மூழ்கும் அளவு தண்ணீர். ஐப்பசி மழையில் விளிம்பு வரைக்கும் நிற்கும்.

முதலில் நாற்பது வீடுகளுக்கு மட்டும் பெட்டி போயிற்று. சனிக்கிழமை காலை, அடுத்த பெட்டி வேலையாக மூன்று பேரும் அலுவலகத்தில் இருந்தோம். போன் அடித்தது. அடையாறிலிருந்து ஓர் அம்மா.

"சார், எங்காத்துப் பையன் வாட்ச்மேனைப் போட்டுப் படுத்தி எடுத்துண்டிருக்கான். சம்ப் மூடியைத் தொறந்தே ஆகணுமாம். உங்க அட்டையில போட்டிருக்காம். அப்படி என்னதான் சார் வெச்சிருக்கேள் அதுக்கடியில?"

"தொறந்துட்டானா?"

"பூட்டு போட்டிருக்கோ, பொழைச்சோம். இல்லேன்னா இவன் இந்நேரம் உள்ள குதிச்சிருப்பான்."

நான்காவது அட்டையை எடுத்துப் படித்தேன். இந்த முறை சொல்லைப் படித்தேன். நாற்பது வீடுகள். நாற்பது பிள்ளைகள். எட்டு வயது, ஒன்பது வயது. யாரிடமும் கேட்காதே, செய்து பார் என்று வேறு மூடியில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஷபானா அட்டையையும் பழைய புரூஃபையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கதானே சார் சொன்னீங்க, சிவப்புல இருந்தா யோசிக்காதன்னு?" என்றாள்.

நான் என்ன செய்தேன்? பேனாவை எடுத்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக, 'அன்பார்ந்த பெற்றோர்களுக்கு, நான்காம் குறிப்பில் நேர்ந்துவிட்ட ஒரு சிறு பிழையைத் தங்கள் கனிவான கவனத்துக்கு' என்று ஆரம்பித்தேன். 'சிறு பிழை' என்பதா, 'அச்சுப் பிழை' என்பதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

மேடம் தாளை என் கையிலிருந்து உருவினார். "போன் பண்ணுங்க சார். சம்ப்பை மூடுங்க, பிள்ளையை உள்ள கூப்பிடுங்க. இவ்வளவுதான் சொல்லணும். காரணம் கேட்டா அப்புறம் சொல்லலாம்" என்றார். பெட்டி போன வீடுகளின் பட்டியலை மூன்றாகக் கிழித்தார். ஆளுக்கு ஒரு துண்டு. அவருக்கு யாரும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை, நெருக்கடியில் சரியாக யோசிக்கிறவர்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை.

கூப்பிட்டோம். கே.கே. நகரில் ஓர் அப்பா பெருமையோடு பேசினார்: "தண்ணீர்த் தொட்டின்னா மொட்டை மாடி டேங்க்னு கண்டுபிடிச்சுட்டா சார் என் பொண்ணு! ஏணியில ஏறிக்கிட்டிருக்கா. வீடியோ எடுத்து அனுப்பட்டுமா?" எடுக்க வேண்டாம், இறக்குங்கள் என்று கத்தினேன். இன்னொரு வீட்டில் பெட்டியையே பிரிக்கவில்லை. பிள்ளை காலையிலிருந்து செல்போனில் விளையாடிக்கொண்டிருக்கிறானாம். செல்போனால் பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றி எத்தனை மேடைகளில் முழங்கியிருப்பேன்! "விளையாடட்டும் சார், நல்லா விளையாடட்டும், சார்ஜ் போட்டுக் குடுங்க" என்றேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

முப்பத்தொன்பது வீடுகள் முடிந்தன. ஒரு வீடு மட்டும் எடுக்கவில்லை. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், வீடு மயிலாப்பூரில். பிள்ளையின் பெயர் தர்ஷினி, வயது ஒன்பது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை தி. நகர் ஜவுளிக்கடையில் போன் அடித்தால் யார் காதில் விழும்? பெற்றோர் நிரப்பித் தரும் எங்கள் சேர்க்கைப் படிவத்தில் இன்னொரு எண்ணுக்கு இடமே விடவில்லை. பிள்ளைக்குப் பிடித்த நிறம், பிடித்த விலங்கு, பிடித்த கிரகம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருந்தேன்.

"நீங்க போங்க சார். நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார் மேடம்.

கீழே இறங்கி ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். நானும் வழியெல்லாம் அந்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், இப்டி வேர்க்குது? நெஞ்சு வலி எதுனா கீதா? ஆஸ்பத்திரிக்கு உட்டுர்றவா?"

விஷயத்தைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது.

"சம்ப்பா?" என்று திரும்பியே விட்டார். "படிச்ச ஆளுதான நைனா நீ? கொயந்தைக்கு ஒளிச்சு வெக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?" அதற்குப் பிறகு ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட இடத்தில் வண்டிகள் அப்படியே நின்றன. "இதுக்கு மேல போவாது. நீ எறங்கி ஓடு சார். ஓடு!" என்றார்.

ஓடினேன். ஐம்பத்தேழு வயதில், தொப்பையோடு, பையைக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு பூக்காரம்மா கூடையை இழுத்துக்கொண்டு திட்டியது காதில் விழுந்தது. பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சாகசம் எழுதிக்கொண்டிருந்தவன் முதல்முறையாக ஒன்றில் மாட்டியிருந்தேன். ரசிக்கும்படி இல்லை.

சந்துக்குள் தனி வீடு. கேட் சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சம்ப் மூடி ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. பிள்ளை நுழைகிற அளவுக்கு இடைவெளி. விளிம்பில் எங்கள் பூதக்கண்ணாடி, எங்கள் திசைகாட்டி, நான்காவது அட்டை. யாரும் இல்லை.

"தர்ஷினி!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். மண்டி போட்டு உட்கார்ந்து செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே அடித்தேன். தண்ணீர் மட்டும் தெரிந்தது. நான் எழுதிய எந்த வரியையும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. சாமி பெயர் ஒவ்வொன்றாக வாயில் வந்துகொண்டிருந்தது.

"அங்கிள், ரொம்பக் குனியாதீங்க. விழுந்துருவீங்க."

திரும்பினேன். வீட்டுப் படியில் ஒரு பெண்பிள்ளை. தோளில் துணி காயப்போடும் கொடிக்கயிறு. சட்டையின் வலது கை தோள் வரைக்கும் நனைந்திருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்று, "யார் நீங்க?" என்று கேட்டாள்.

"இந்தப் பெட்டியை எழுதினவன்மா." முதலில் மூடியை இழுத்துப் போட்டேன். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "வீட்ல யாரும் இல்லையா?"

"சித்தி மாடியில இருக்காங்க. ஹெட்போன் போட்டு மீட்டிங். கதவைத் தட்டக் கூடாது."

"கயிறு எதுக்கும்மா?"

"கையை விட்டுப் பாத்தேன், எட்டல. அடியில இருக்குன்னு போட்டிருக்கீங்க. அப்ப தண்ணிக்கு அடியிலதான இருக்கும்? எனக்கு நீச்சல் தெரியாது. அதான் கயித்தைக் கேட்ல கட்டிட்டு இறங்கலாம்னு எடுக்கப் போனேன்."

எவ்வளவு ஒழுங்காக யோசித்திருக்கிறாள் பாருங்கள். ஒவ்வொரு படியும் சரி. நான் எழுதியதைத் தவிர எதிலும் தப்பில்லை. அவள் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஓரத்தில் பென்சிலால், சின்ன எழுத்தில், கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தது: 'எந்தத் தொட்டி?'

"இது நீ எழுதினதா?"

"ம். சம்ப்பை எப்படி நகர்த்த முடியும்? அதான் டவுட்டா இருந்துச்சு. ஆனா கேள்வி கேக்கக் கூடாதுன்னு மூடியில போட்டிருக்குல்ல? அதான் கேக்கல, எழுதி மட்டும் வெச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இப்ப கேக்கலாமா? எந்தத் தொட்டி அங்கிள்?" என்றாள்.

"பூந்தொட்டிம்மா."

"அவ்வளவுதானா?" என்றாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது. ஓடிப்போய் நகர்த்தினாள். அடியில் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? பெற்றோருக்கான தாளைப் பாதிக்கு மேல் யாரும் படிக்கவில்லை. நான்காவதுக்கு மேல் ஒளிக்க வேண்டிய அட்டைகள் எல்லாம் படியில் கிடந்த பெட்டியின் அடியிலேயே கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு அவளை அனுப்பத்தான் இத்தனை பாடும் பட்டிருக்கிறேன். அவள் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. தொட்டிக்கு அடியில் ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. பூதக்கண்ணாடியை வைத்து அதன் கால்களை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

என் போன் அடித்தது. ஜவுளிக்கடைக்காரர். "யாரு சார் பேசுதிய? முப்பது தடவ கூப்பிட்டிருக்கிய. என்ன சமாச்சாரம்?"

சும்மா, பெட்டி வந்து சேர்ந்ததா என்று கேட்கத்தான் கூப்பிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் பிழையில்லாமல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன்.

"பிள்ளைட்ட போனக் குடுங்க" என்றார்.

"இல்லப்பா, கை மட்டும்தான் நனைஞ்சுது" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அரை மணியில் பைக்கில் வந்து சேர்ந்தார். பிள்ளையைத் தூக்கினார். ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய் ஒரு பூட்டைத் தேடி எடுத்து வந்து மூடியில் மாட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சொன்னதத்தான செஞ்சிருக்கா, அவள எப்படி ஏசுவேன்? உங்கள ஏசலாம்னா பெரிய மனுசனா இருக்கிய. நீங்க கெளம்புங்க சார்" என்றார். நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அட்டையை மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உங்கள் கையில் இருக்கும் பெட்டியின் மூடியில் இப்போது 'சந்தேகம் வந்தால் கேள்' என்று இருக்கும். விற்பனைப் பிரிவுக்கு அது பிடிக்கவில்லை, சாகசமே இல்லையாம். அதை மாற்றச் சொல்லி உங்களிடம் வருவார்கள். வரட்டும். நீலப் பென்சிலோ சிவப்புப் பேனாவோ, யார் கையில் எது இருந்தாலும், ஒருவர் கேள்வி கேட்டால் அதற்குப் பதிலை எழுதுங்கள். உங்கள் சாமர்த்தியத்தை டீ குடிக்கும்போது காட்டிக்கொள்ளலாம். ஒரு பயலும் தண்ணீரில் விழ மாட்டான்.

அன்று மத்தியானம் அலுவலகத்துக்குத் திரும்பினேன். ஷபானா அழுது முடித்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா, நான்தான் யோசிக்காதன்னு சொன்னேன்" என்றேன். மேடத்தின் மேஜையில் அந்த அட்டையை வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சில் எழுத்தைப் படித்தார். இழுப்பறையிலிருந்து பழைய புரூஃபை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே இரண்டு சொற்கள். இங்கே நீலம், அங்கே கறுப்பு. புரூஃபில் மட்டும் பக்கத்தில் என் சிவப்பு இருந்தது.

இரண்டையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தக் குழந்தைக்காவது ஒழுங்கா பதில் சொன்னீங்களா சார்?"